உறுதியில் உள்ள பெருவிரல் அடையாளம் அம்மம்மாவுடையதுதானா?

04.02.2023, கேள்வி

ஐயா, 1968இல் எங்கள் அம்மம்மா என் அம்மாவுக்குக் காணியை எழுதிக்கொடுத்த நன்கொடை உறுதி ஒன்று கொக்குவிலில் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது, இடது பெருவிரல் அடையாளம்தான். அது அம்மம்மாவின் விரலே இல்லை என்று இப்போது மாமா ஒருவர் சொல்லித் திரிகிறார். அம்மம்மா வைத்த அடையாளம் இன்னொரு பழைய உறுதியிலும் இருக்கிறது. இரண்டையும் போனில் படமெடுத்துப் போட்டிருக்கிறேன். எந்த இரண்டு பேருக்கும் ரேகை ஒன்றாக இருக்காது என்றுதானே சொல்கிறார்கள்? நீங்கள் இங்கிலாந்தில் அந்த வேலையில் இருந்தவர் என்று அறிந்தேன். பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் என் மகளும் இதைத்தான் படிக்கப்போகிறேன் என்கிறாள். அதற்கும் ஒரு வார்த்தை.

05.02.2023, காலை

படங்களை உடனே எடுத்துவிடுங்கள். உறுதி இலக்கம், காணிப் பெயர், நான்கு எல்லை, அயலவர் பெயர் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. மாமா ஒருவரோடு போகிற சிக்கல் ஊர்ச் சிக்கலாகிவிடும்.

05.02.2023, இரவு

எடுத்துவிட்டீர்கள். அதற்குள் நானும் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்றும் சொல்லமாட்டேன்.

படம் சாய்வாக எடுத்தது. பக்கத்தில் அடிமட்டம் இல்லை. மின்குமிழ் வெளிச்சம் விழுந்து தாளின் நடுப்பகுதி வெளுத்திருக்கிறது. இவை சின்னக் குறைகள், திரும்ப எடுக்கலாம். பெரிய குறை உங்கள் கேள்வியில் இருக்கிறது. எந்தப் பதில் வந்தால் உங்களுக்கு நல்லது என்று சொல்லிவிட்டீர்கள், மாமாவைப் பற்றியும் சொல்லிவிட்டீர்கள். இனி என் கண் உங்கள் பக்கம் சாய்ந்துதான் பார்க்கும். சாயாது என்று நான் சொன்னாலும் நம்பாதீர்கள். 27 வருடம் அந்த வேலையில் இருந்த ஆள் சொல்கிறேன்.

அப்புறம் அந்த வசனம், "எந்த இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்காது." அது விரலைப் பற்றிய வசனம். உங்களிடம் இருப்பது விரல் இல்லையே. மையில் தோய்ந்து, உறுதி எழுதிய நொத்தாரிசு பிடித்து அழுத்தி, கொஞ்சம் வழுக்கி, 55 வருடம் அலுமாரியில் கிடந்த ஒரு கறை. ஒரே விரலை நானே பத்துத் தரம் தாளில் வைத்தால் பத்தும் பத்து விதமாக விழும். விரல்கள் வேறுபடுமா என்ற சண்டை தேவையில்லை. அந்தக் கறையில் போதிய விஷயம் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சாட்சி வைத்த இருவரில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? அதை முதலில் விசாரியுங்கள்.

06.02.2023

"சொல்லமாட்டன் எண்டால் பேசாமல் இருங்கோவன், ஏன் பக்கம் பக்கமாய் எழுதிறியள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓய்வூதியக்காரன், வேறு வேலை இல்லை.

11.02.2023

மகளுக்காக, நான் இதற்குள் விழுந்த கதை.

அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். அப்பாவின் வலது பெருவிரல் நுனி கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும், புகையிலைக் கறை நகத்துக்குள் வரை ஏறியிருக்கும். சின்ன வயதில் என் விரலில் சக்கரம் (வட்டச் சுழி) எத்தனை, சங்கு (வளைந்து வந்த பக்கமே திரும்பும் கோடு) எத்தனை என்று எண்ணி விளையாடுவேன். அப்பாவின் விரலில் எண்ண ஒன்றுமே இருக்காது. "என்ர சக்கரம் எல்லாம் சுருட்டுக்குள்ள போட்டுது" என்பார்.

திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், 1979இல் இரசாயனவியல் செய்முறை வகுப்பு. வடிதாளில் அமினோவமிலங்களைப் பிரித்தெடுக்கும் பரிசோதனை. தாளைக் கையால் தொடாதே, ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடி என்று செய்முறை காட்டியவர் நாலு தரம் சொன்னார். நான் தொட்டேன். நின்ஹைட்ரின் என்ற இரசாயனத்தைத் தெளித்துச் சூடாக்கியபோது மற்றவர்களின் தாளில் ஊதாப் பொட்டுகள் வரிசையாக ஏறின. என் தாளில் பொட்டுகளோடு நாலு விரலும் ஒரு பெருவிரலும் வந்து நின்றன. பெருவிரலில் சக்கரம், உள்ளே கோடுகள் ஒவ்வொன்றாக எண்ணலாம். அவர் பூச்சியத்தைப் போட்டுவிட்டு, "இது உன்ர அடையாள அட்டை, கொண்டு போ" என்றார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஊதா மங்கி மண் நிறமாகிவிட்டது. கையில் ஒட்டிய ஊதா மூன்று நாள் போகவில்லை, அம்மா விளாம்பழம் தின்ற கை மாதிரி இருக்கிறது என்றார்.

வியர்வையில் அமினோவமிலங்கள் இருக்கின்றன, செரீன்தான் கூட. அவை தாளின் நாரோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். நின்ஹைட்ரின் பட்டதும் ஊதா. 1910இல் கேம்பிரிட்ஜில் ருஹேமன் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து பொலிஸ்காரர் அதை வைத்துக் கள்ளரைப் பிடிக்கிறார்கள்.

12.02.2023

நேற்று அவசரத்தில் எழுதிய கடைசி வசனம் பிழை. ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். 1910இல் ருஹேமன் அந்தச் சேர்வையைக் கண்டுபிடித்தார், தோலில் பட்டால் ஊதாவாகும் என்பதையும் கண்டார், அவ்வளவுதான். அதைக் கைரேகைக்குப் பாவிக்கலாம் என்று எழுதியவர்கள் சுவீடன்காரர் இருவர், ஒடேன், வொன் ஹொப்ஸ்டன், 1954இல். இடையில் 44 வருடம் எத்தனையோ மாணவர்கள் என்னைப்போலத் தாளைத் தொட்டுத் திட்டு வாங்கியிருப்பார்கள். ரேகை தாளில் எழுந்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றிருக்கிறது, அழுக்கு என்று சொல்லி எறிந்திருக்கிறார்கள்.

விளாம்பழம் தின்றால் கை ஊதாவாகாது, அது நாவற்பழம் என்று இன்னொருவர். சரிதான். அம்மா நாவற்பழம் என்றுதான் சொல்லியிருப்பார்.

19.02.2023

இந்த மாதம் வந்த சங்கதி, நான் இரண்டு நாளாக அதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். ரேகை எப்படி உருவாகிறது என்று எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். கருவில் விரல் நுனியில் கோடுகள் மூன்று இடத்திலிருந்து அலையாகக் கிளம்புகின்றன. ஒன்று விரல் மெத்தையின் நடுவில், ஒன்று நகத்துக்குக் கீழே நுனியில், ஒன்று மூட்டு மடிப்பில். குளத்தில் மூன்று கல் எறிந்த மாதிரி. அலைகள் முட்டுகிற இடத்தில் கோடு பிரிகிறது, முடிகிறது, முக்கோணமாகிறது. மெத்தையின் உயரத்தையும் அலை எப்போது புறப்பட்டது என்பதையும் பொறுத்து அது சங்கா சக்கரமா என்பது தீர்மானமாகிறது. வரிக்குதிரைக்குக் கோடு வருகிற கணக்கும் இதுதான், 1952இல் கணிதவியலாளர் அலன் டூரிங் எழுதிவைத்தது. ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறுபடுவது இதனால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரேகை ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால் "இயற்கை ஒருபோதும் தன்னைத் திரும்பச் செய்யாது" என்று ஒரு வசனத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். பிரசங்கம் மாதிரி இருக்கும். இப்போதுதான் ஒரு பொறிமுறை கையில் வந்திருக்கிறது.

25.02.2023

சங்கு சக்கரம் என்றதும் நாடி சோதிடக் கதை தொடங்கிவிட்டது. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் போலிருக்கிறது. ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது, ரேகை 108 வகை, அதை வைத்து ஓலைக்கட்டைத் தேடுவது. பலன் பலிப்பதைப் பற்றி நான் கதைக்கவில்லை. ஆனால் அந்த யோசனையை, அதாவது ரேகையை வகை பிரித்து ஒரு கட்டுக்குள் போவதை, கேலி செய்யாதீர்கள். கல்கத்தாவில் 1897இல் தொடங்கிய கைரேகைப் பணியகத்தில் செய்ததும் அதுதான்.

கணக்கு இது. வலது பெருவிரல் 1, சுட்டுவிரல் 2 என்று எண்ணிக்கொண்டே போய் இடது சின்னவிரல் 10. இரண்டு இரண்டாகச் சோடி சேருங்கள். முதல் சோடிக்கு 16, அடுத்ததுக்கு 8, பிறகு 4, 2, 1. சக்கரம் உள்ள விரலுக்கு மட்டும் அந்த எண், மற்றதுக்குப் பூச்சியம். இரட்டை இலக்க விரல்களின் கூட்டுத்தொகை மேலே, ஒற்றை இலக்க விரல்களின் கூட்டுத்தொகை கீழே, இரண்டிலும் ஒன்று கூட்டுங்கள். ஒரு பின்னம் வரும். மேலே 32 வகை, கீழே 32 வகை, பெருக்கினால் 1024 புறாக்கூடு. பத்து விரலையும் பதித்த கடதாசி வந்தால் நேரே அந்தக் கூட்டுக்குப் போகலாம்.

எனக்குச் சக்கரம் இரண்டு விரலில், வலது பெருவிரலிலும் இடது மோதிர விரலிலும். ஆகவே நான் 18/1.

25.02.2023, பிறகு

இல்லை, 1/18. பெருவிரல் 1, மோதிர விரல் 9, இரண்டும் ஒற்றை, இரண்டும் கீழே போக வேண்டும். 16உம் 1உம் 17, ஒன்று கூட்டினால் 18. மேலே வெறும் 1. திருத்திய பிள்ளை பதினொராம் வகுப்பாம். கல்கத்தாவில் நான் இருந்திருந்தால் என் கடதாசி வேறு கூட்டில் கிடந்து, நான் என்ன களவு செய்தாலும் தப்பியிருப்பேன்.

28.02.2023

இந்தக் கணக்குக்கு உலகம் வைத்த பெயர் ஹென்றி முறை. எட்வர்ட் ஹென்றி வங்காளத்துப் பொலிஸ் தலைமை அதிகாரி, பிறகு லண்டன் போனார். 1901 யூலையில் ஸ்கொட்லன்ட் யார்டில் பணியகம் திறந்தது இந்த முறையோடுதான். கணக்கைப் போட்டவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்த இருவர், அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். ஒருவருக்குக் கான் பகதூர், மற்றவருக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. முறைக்குப் பெயர் கிடைக்கவில்லை. முதல் நாள் ஆய்வுகூடத்தில் ஹென்றி, ஹென்றி என்று சொல்லித்தந்தபோது ஹக் என்ற பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. நானும் பத்து வருடம் கழித்துத்தான் அறிந்தேன்.

அந்தப் பணியகத்தின் முதல் பெரிய வழக்கு பஞ்சாங்கத்தில் கிடைத்தது. ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட முகாமையாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார், பெட்டகத்தில் இருந்த பணத்தைக் காணவில்லை. பெட்டகத்துக்குள் இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் இரத்தப் பெருவிரல் ஒன்று. முன்பு அவரிடம் களவெடுத்துச் சிறைக்குப் போன வேலைக்காரனின் ரேகை கல்கத்தாவில் இருந்தது, பொருந்தியது. 1898இல் தீர்ப்பு: களவுக்குக் குற்றவாளி, கொலைக்கு இல்லை. அந்த நீதிமன்றத்தை நான் மெச்சுவேன். விரல் அந்தப் பஞ்சாங்கத்தைத் தொட்டது என்பதுதான் ரேகை சொல்லும், கழுத்தை யார் அறுத்தது என்று அது சொல்லாது.

28.02.2023

ஹென்றி Vs ஹக் என்று சண்டை பிடிக்கிறவர்கள் ஃபோல்ட்ஸ் என்ற பாவப்பட்ட மனிதரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் மிஷன் வைத்தியர். பழைய மட்பாண்டத்தில் குயவரின் விரல் பதிந்திருந்ததைப் பார்த்துத் தொடங்கியவர். குற்றவாளியைப் பிடிக்க ரேகை உதவும் என்று 1880 ஒக்ரோபரில் "நேச்சர்" சஞ்சிகையில் எழுதினார். அடுத்த மாதமே ஹேர்ஷல் என்பவர், வங்காளத்தில் நான் 1858இலிருந்து ஒப்பந்தங்களில் கைப்பதிவு வாங்கி வருகிறேன் என்று பதில் எழுதினார். 1930இல் சாகும்வரை ஃபோல்ட்ஸ் அந்தச் சண்டையை விடவில்லை. 1905இல் லண்டனில் இரண்டு சகோதரரைத் தூக்குக்கு அனுப்பிய முதல் ரேகைக் கொலைவழக்கில் அவர் நின்றது குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கம். ஒரு விரல் அடையாளத்தை மட்டும் வைத்து உயிரை எடுக்கலாமா என்பது அவர் கேள்வி. கோபத்தில் கேட்டாரா அறிவில் கேட்டாரா என்று சொல்வது கஷ்டம், கேள்வி நல்ல கேள்வி.

12.03.2023

மூன்று நாளுக்கு முன் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல் தள்ளிப்போனதால் எல்லோருடைய இடது சின்னவிரலும் வாக்கு மை படாமல் சுத்தமாக இருக்கிறது. அந்த மையில் இருப்பது வெள்ளி நைத்திரேற்று. தாளில் ரேகை எடுக்கும் மிகப் பழைய முறைகளில் ஒன்றும் அதே வெள்ளி நைத்திரேற்றுத்தான். வியர்வை உப்பின் குளோரைட்டோடு சேர்ந்து வெளிச்சத்தில் கறுக்கும். குளிர் நாட்டில் நன்றாக வேலை செய்யும். ஈரப்பதனான இடத்தில் உப்பு தாளுக்குள் பரவிக் கோடு கோடாக இருந்தது மேகமாகிவிடும். யாழ்ப்பாணத்து மார்கழிக்கு அது சரிவராது.

என் ஆய்வு இங்கேதான் தொடங்கியது. 1985இல் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் தலைப்புக் கேட்டார்கள். நனைந்த தாள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள், எங்கள் ஊரில் மழை பெய்யும் என்றேன். அங்கேயும் பெய்யும் என்று சிரித்தார்கள்.

தாள் நனைந்தால் உப்பும் போகும், அமினோவமிலமும் கரைந்து போகும், நின்ஹைட்ரின் கைவிரிக்கும். மிஞ்சுவது தண்ணீரில் கரையாத கொழுப்பு, நெற்றியையும் மூக்கையும் தொட்ட கையிலிருந்து வந்தது. அதைப் பிடிக்க வெள்ளித் துணிக்கைகள் மெதுவாகப் படியும் கரைசல் ஒன்று இருந்தது. பொல்லாத சாமான். பாத்திரத்தில் ஒரு தூசி, ஒரு கீறல் இருந்தால் வெள்ளி முழுவதும் அதிலேயே கொட்டித் தாள் கரியாகும். முதலில் தாளை அமிலத்தில் நனைத்து அதிலுள்ள சுண்ணாம்பைப் போக்க வேண்டும், குமிழி அடங்கும்வரை. பிறகு கரைசலில் வைத்துத் தட்டைத் தொட்டில் மாதிரி ஆட்ட வேண்டும். பத்து நிமிடம் ஒன்றும் வராது. பிறகு தாளின் ஒரு மூலையில் பென்சிலால் தேய்த்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு, அதற்குள் இன்னொன்று. நான்கு வருடம் சவர்க்காரத் தண்ணீர், கடல் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர் என்று தாள்களை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். 2004இல் எண்ணெய்ச் சிவப்பு என்ற சாயத்தைக் கொண்டு நனைந்த தாளில் இதைவிடச் சுலபமாகச் செய்யலாம் என்று கனடாவிலிருந்து கட்டுரை வந்தது. உயிரியல்காரர் கொழுப்பைப் பார்க்கப் பாவிக்கிற சாயம், எங்கள் கட்டிடத்திலேயே கீழ்மாடியில் போத்தலில் இருந்தது. இருபது வருடம் அதன் தலைக்கு மேலே நடந்து திரிந்திருக்கிறேன்.

13.03.2023

ஒரு திருத்தம், இது என்னை நானே திருத்துவது. பெப்ரவரி 5ஆம் திகதி "27 வருடம் அந்த வேலையில்" என்று எழுதினேன். நான் இரசாயனக்காரன். மறைந்த ரேகையை வெளியே கொண்டுவருவது என் வேலை. இரண்டு ரேகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது இவனுடையது" என்று சொல்வது அடுத்த அறைக்காரரின் வேலை. அந்தப் பயிற்சி எடுத்தேன், ஐந்து வருடம் கூட இருந்து பார்த்தேன். அதற்கு மேல் உரிமை கொண்டாட முடியாது. இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன், இன்று மனம் வரவில்லை.

02.04.2023

வேலைத்தலங்களில் விரல் வைத்து வரவு பதியும் இயந்திரத்தைப் பற்றி நான்கு பேர் புலம்பியிருக்கிறார்கள். மேசன் வேலை செய்கிறவர், வலை இழுக்கிறவர், நாள் முழுக்கப் பாத்திரம் கழுவுகிறவர் விரலை அது வாசிக்காது. சீமெந்தும் கயிறும் கோட்டைத் தேய்த்துவிடும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும், ஏனென்றால் மாதிரி மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. அப்பா வேலையை விட்டு இரண்டு வருடத்துக்குப் பிறகு விரலைக் காட்டினார், இரண்டு சக்கரம் திரும்பி வந்திருந்தது. ஒரு குழந்தையைக் கூட்டிவந்து காட்டுகிற மாதிரிக் காட்டினார்.

கப்பெசிற்றபைன் என்ற புற்றுநோய் மருந்தாலும் போகும். சிங்கப்பூர் நோயாளி ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் விரலில் ரேகை இல்லை என்று நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்ததை அவருடைய வைத்தியர் 2009இல் எழுதியிருக்கிறார். பிறப்பிலேயே ரேகை இல்லாத குடும்பங்களும் உண்டு, மிக அரிது.

உங்கள் அம்மம்மா என்ன வேலை செய்தவர்? தோட்ட வேலை என்றால் 1968 விரலும் முந்திய உறுதியின் விரலும் தேய்வில் வேறுபடும்.

09.04.2023

தோட்டமும் பனையோலைப் பின்னலும் என்கிறீர்கள். நினைத்தேன்.

21.05.2023

சரி, சொல்லிவிடுகிறேன்.

2004 மார்ச்சில் மட்ரிட்டில் ரயில்களில் குண்டு வெடித்தது. வெடிகருவிகள் இருந்த நீலப் பையில் ஒரு விரல் பதிவு. அமெரிக்க எஃப்.பி.ஐ. கணினியில் போட்டது, 20 பேரை அது நீட்டியது, அதில் நாலாவது ஆள் ஒரிகனில் வக்கீலாக இருந்த பிரண்டன் மேஃபீல்ட். அவர்தான் என்று மூன்று நிபுணர் சொன்னார்கள். நீதிமன்றம் வைத்த நாலாவது நிபுணரும் ஆமென்றார். ஸ்பெயின் பொலிஸ் ஏப்ரலிலேயே இல்லை என்று சொல்லிவிட்டது, கேட்கவில்லை. மே மாதம் பிடித்து அடைத்தார்கள். இரண்டு வாரத்தில் ஸ்பெயின் உண்மையான விரலைக் கண்டுபிடித்தது, அல்ஜீரியர் ஒருவருடையது. மேஃபீல்டை விட்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், பிறகு 20 இலட்சம் டொலர் கொடுத்தார்கள்.

கள்ள நிபுணர் இல்லை, குடித்துவிட்டுப் பார்க்கவில்லை. பையில் இருந்த மங்கலான பதிவில் என்ன தெரிகிறது என்று முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் ஆளின் தெளிவான பதிவை எடுக்க வேண்டும். அவர்கள் தெளிவான பதிவைப் பார்த்துவிட்டு மங்கலுக்குத் திரும்பினார்கள். அங்கே இருந்ததை இங்கேயும் கண்டார்கள். ஒரு பதிவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது புள்ளி, தெளிவானது பக்கத்தில் வந்துவிட்டால் அதே புள்ளி கோட்டின் முடிவு.

இதைப் பிடித்துக்கொண்டு உளவியல் ஆய்வாளர் இற்றியெல் டிரோர் 2006இல் ஒரு வேலை செய்தார். ஐந்து அனுபவசாலிகளிடம் அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன பதிவுகளைக் கொடுத்து, இதுதான் அந்த மேஃபீல்ட் பிழை என்றார். மூன்று பேர் பொருந்தவில்லை என்றார்கள், ஒருவர் சொல்ல முடியாது என்றார், ஒருவர்தான் பழைய பதிலில் நின்றார். கண்ணுக்கு முன்னால் இருந்தது அதே தாள்.

ரேகையே பொய் என்று ஓடாதீர்கள். 2011இல் 169 நிபுணரை வைத்து அமெரிக்காவில் சோதித்தபோது, பொருந்தாததைப் பொருந்துகிறது என்றது 0.1 சதவீதம்தான். பொருந்துவதைப் பொருந்தவில்லை என்றது 7.5 சதவீதம். நல்ல கணக்கு. அந்த 0.1க்குள் ஒருவர் இருப்பார், அவருக்குப் பெயர் இருக்கும்.

இப்போது என் கதை. எங்கள் அப்பாச்சியின் உறுதி ஒன்று, உங்களுடையது மாதிரியே பெருவிரல் அடையாளம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அம்மா அதைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போனார். பை கிழிந்திருந்தது. நொத்தாரிசு பாவித்தது இறப்பர் முத்திரை மை, அச்சு மை இல்லை. அச்சு மை தண்ணீருக்கு அசையாது, முத்திரை மை ஓடும். அடையாளம் ஊதாக் குளமாகிவிட்டது.

1998இல் சித்தப்பா அந்த உறுதி போலி என்றார். அம்மா எனக்கு அனுப்பினார், கூடவே அப்பாச்சியின் நல்ல அடையாளம் இருந்த இன்னொரு உறுதியையும். நான் இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது புள்ளி, அதாவது கோடு முடிகிற, பிரிகிற இடங்கள், பொருந்துகிறது என்று எழுதினேன். நான் வேலை செய்த ஆய்வுகூடத்தின் பெயர் போட்ட தாளில் எழுதவில்லை, ஆனால் எழுதியது நான் என்பதே போதுமாக இருந்தது. சித்தப்பா வழக்குப் போடவில்லை.

டிரோரின் கட்டுரை வந்த அன்று இரவு அந்தக் குறிப்பைத் தேடி எடுத்தேன். நல்ல அடையாளத்தில் புள்ளிகளுக்குச் சிவப்பு மையில் 1 முதல் 9 வரை இலக்கம். மங்கலில் அதே ஒழுங்கில், அதே இலக்கம். மங்கலை மட்டும் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்றுகூட இல்லை. எது முதலில் நடந்தது என்று எனக்கே தெரிந்தது. அடுத்த அறை நண்பரிடம் இரண்டு பிரதியையும் கொடுத்தேன், யாருடையது, எதற்கு என்று சொல்லவில்லை. மறுநாள் திருப்பித் தந்தார், மங்கலின் மூலையில் ஒரு சொல் எழுதியிருந்தது: போதாது. என் ஒன்பதில் இரண்டைத்தான் அவர் ஏற்றுக்கொண்டார்.

அப்பாச்சியின் விரல் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. சொல்ல முடியாது என்பதுதான். நான் சொல்லிவிட்டேன்.

22.05.2023

"சித்தப்பாவிடம் சொன்னீர்களா?" என்று ஆறு பேர்.

சித்தப்பா 2009இல் போய்விட்டார். 2016இல் நான் ஊருக்குத் திரும்பியதும் சித்தியிடம் போனேன். பாயில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெட்டினார். பிறகு சொன்னார்: "அது ஆற்ற விரல் எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ எழுதினபடியால்தான் வாய்மூடினவர்." இன்னொரு கத்தரிக்காயை எடுத்தார். எந்தப் பக்கம் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றார், சாப்பிட்டேன்.

04.06.2023

இல்லை, காணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது என் காணி இல்லை, தங்கச்சியின் வீடு நிற்கிறது. இதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

16.07.2023

மகளுக்கு. தடயவியல் என்று பலகை போட்ட எந்தப் பாடத்தையும் முதலில் படிக்க வேண்டாம். இரசாயனவியலோ உயிரியலோ புள்ளிவிபரவியலோ ஒன்றை ஒழுங்காகப் படிக்கட்டும், புள்ளிவிபரவியலை நான் படிக்காமல் விட்டேன். இங்கிலாந்தில் 16 புள்ளி பொருந்த வேண்டும் என்ற விதி 1924இலிருந்து இருந்தது, 2001இல் எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் அந்த 16க்குக் கணக்கு ஒருபோதும் இருக்கவில்லை. இப்போது அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள்தான் தேவை. கண் கூர்மை பிறகு வரும். ரசீது, வங்கி இயந்திரத் துண்டு போன்ற வெப்பத் தாளில் எங்கள் நின்ஹைட்ரின் கரைசல் பட்டால் முழுதும் கறுத்துவிடும், அதற்கு வழி தேடியே ஒருவர் ஆயுளைக் கழிக்கலாம்.

29.10.2023

ஒன்பது மாதத்துக்குப் பிறகு கேள்வி கேட்டவரே வந்து எழுதியிருக்கிறார், அதை மேலே ஏற்றுகிறேன். காணிப் பதிவகத்தில் 1968 உறுதியின் இரண்டாம் பிரதி கிடைத்திருக்கிறது, அதிலும் அன்றைக்கு வைத்த பெருவிரல். சாட்சிகளில் ஒருவர் 91 வயதில் இணுவிலில் இருக்கிறார், நொத்தாரிசு வீட்டுத் திண்ணையில் அம்மம்மா இருந்ததும், விரலைத் துடைக்கத் துணி இல்லாமல் சேலைத் தலைப்பில் துடைத்ததும் நினைவிருக்கிறதாம். மாமா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம்.

நல்லது. இன்னமும் நீதிமன்றம் போனால், பார்க்கிற நிபுணரிடம் எது யாருடையது என்று சொல்லாமல் கொடுக்கும்படி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். மங்கலை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

மகள் திருநெல்வேலியில் சேர்ந்துவிட்டாள் என்றும், போன கிழமை அமினோவமிலச் செய்முறையில் தாளைக் கையால் தொட்டுவிட்டாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை விரல் வந்தது? சக்கரம் எத்தனை?